அமாவாசை லீவு

அமாவாசை என்றால் நாகமுத்துவுக்கு இரண்டு வேலை. காலையில் அரிசி மில் பாய்லரைக் கழுவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். மில்லில் அடுப்பு மூட்டுகிறவன் அவன்தான்; அன்று மில்லுக்கு லீவு. வந்ததும், எட்டு வயது மகள் செங்கம்மாளைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் வீட்டுக்குள் உட்கார வைக்க வேண்டும். இழுப்பு நோய்க்கு அமாவாசை ஆகாது. கவரப்பேட்டைப் பக்கத்தில் இதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

செங்கம்மாளுக்கு மூன்று வருடமாக இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். அவள் வயசுப் பெண்கள் அவளைவிட ஒரு சாண் உயரம். ஆனால் அமாவாசையன்று இருமல் இருக்காது. வீட்டில் வைத்த காவல் பலித்தது என்று நாகமுத்து நினைத்துக்கொள்வான்.

அந்தப் பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள் சம்பூர்ணம் டீச்சர் மில் வாசலுக்கே வந்துவிட்டாள். பி.எஸ்ஸி. படித்தவள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"இன்னாண்ணே, நாளைக்கும் பொண்ண ஊட்டுல பூட்டி வெக்கப் போறியா?"

"அமாவாசையாச்சே டீச்சரம்மா. இழுப்பு ஜாஸ்தியாப் பூடும்."

"ஜாஸ்தியாயி எப்ப பாத்த? ஒரு தபா சொல்லு."

நாகமுத்து யோசித்தான். ஒரு தபாகூட ஞாபகம் வரவில்லை.

"ரிஜிஸ்டர நானு பாத்துட்டேன். இழுப்புப் பசங்க பதினோரு பேரு. அமாவாசைன்னா ஒண்ணுகூட வராது. மறுநாளு சிரிச்சிக்கினு வருதுங்க. நாலு நாள்ல திரும்பியும் இருமிக்கினு கெடக்குதுங்க. அமாவாசையில ஒரு கெடுதலும் இல்லண்ணே. அன்னிக்கி ஒரு நாளுதான் நீ அடுப்பு மூட்டறதில்ல."

"என் அடுப்பையா சொல்ற?"

"உன் அடுப்பத்தான். நாளைக்கு அனுப்பு. இழுத்துச்சின்னா எம் மூஞ்சில துப்பு."

மறுநாள் செங்கம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மனைவி பச்சையம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "டீச்சருக்கு இன்னா, பெத்தாளா, ராத்திரில முதுவு தேச்சாளா? போயி இட்டாந்துடுய்யா" என்று மதியமே விரட்டினாள்.

நாகமுத்து ஓடினான். மில்லுக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம். மணலில் பாண்டிக் கட்டம் போட்டு, செங்கம்மாள் ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருந்தாள். எட்டுக் கட்டமும் தாண்டித் திரும்பினாள். வாயைத் திறந்து இளைக்கவில்லை.

"நீ ஏன் நைனா வந்த? இன்னும் என் ஆட்டமே முடியல."

அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தான். விசில் இல்லை. டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம் மூஞ்சில துப்புறியாண்ணே?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மில்லின் புகைக்குழாய் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைவிடக் குட்டையாக நின்றது. மூன்று வருடம் முன்பு புயலில் மேல்பாதி முறிந்து விழுந்தது. 'அடுப்பு எரியுதில்ல, போதும்' என்று முதலாளி தணிகாசலம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து உமிப்புகையும் கரியும் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை மேலும் குடிசைகள் மேலும்தான் இறங்கின. மூட்டியது யார்? இவன்தான்.

சாயங்காலமே முதலாளியிடம் போய், புகைக்குழாயைப் பழையபடி உயர்த்தச் சொல்லி நின்றான்.

"பொகையப் பத்தி ஒனக்கு இன்னாடா தெரியும்?"

"எனுக்குத்தான் மொதலாளி தெரியும்."

அவர் சிரித்துவிட்டு நெல்லை ஊறப் போடச் சொன்னார்.

விடியற்காலையில் தொட்டி நிறைய நெல் ஊறியிருந்தது. உடனே அவிக்காவிட்டால் புளித்து நாற ஆரம்பிக்கும். நாகமுத்து தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு பாய்லர் முன்னால் உட்கார்ந்தான். மில் ஆட்கள் இன்னும் நாலு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் சொன்ன பதினோரு பேரில் அவர்கள் பிள்ளைகளும் உண்டு.

"நெல்லு நாறிப்பூடும்டா!" என்று தணிகாசலம் குதித்தார்.

"நாறும் மொதலாளி. கொழாய ஏத்துங்க."

"வேற ஆளக் கொண்டாறேன் பாரு!"

"கொண்டாங்க. வந்து மூட்டறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

ஒன்பது மணிக்குத் தொட்டியில் குனிந்து மோந்து பார்த்தார். முகம் கோணியது. கும்மிடிப்பூண்டி வெல்டருக்குச் சைக்கிளில் ஆள் போனது. வெல்டர் வந்து முட்செடிக்குள் கிடந்த குழாயை அளவெடுத்த பிறகுதான் நாகமுத்து குச்சி கிழித்தான். அந்த ஒரு தொட்டி மட்டும்தான். குழாய் ஏறும்வரை வேறு நெல் நனையவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மாதம் இழுப்பு இரண்டு தடவைதான் வந்தது. முன்பெல்லாம் வாரத்துக்கே இரண்டு. "மூணு வருஷப் புகை. ஒரு மாசத்துல போயிடாது. ஆனா எட்டு வயசுதானே, நுரையீரல் இன்னும் வளரும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்தால், ஊருக்குப் போகும் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. செங்கம்மாள் முன்னால் ஓடினாள். 'ஓடாதடி' என்று மூன்று வருடமாகச் சொல்லியே பழகிய பச்சையம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினாள்:

"ஓடுடீ! நிறுத்தச் சொல்லுடீ அந்த டிரைவர!"