மூன்றாவது ஓலை

எங்கள் குடும்பத்தின் வெற்றிக்கு என்ன காரணம் என்று இப்போதெல்லாம் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். திண்டுக்கல்லில் நாலு கடை, நிலக்கோட்டையில் அஞ்சாவது. எல்லாவற்றிலும் ‘ராயப்பா பாஸ்ட்புட்’ என்று சிவப்பு போர்டு. ஒற்றுமை என்பான் என் தம்பி பிரிட்டோ. மாதாவின் கிருபை என்பார் அப்பா ராயப்பராஜ். ரெண்டு பேருக்கும் வாய் கூசாது. காரணம் நான்தான் என்றுதான் பதினாலு வருஷம் நினைத்திருந்தேன்.

கடைச் சிக்கனுக்கான மசாலாவை முதலில் அம்மா புஷ்பமேரிதான் கலந்துவந்தார். அளவு அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் படுக்கையில் விழுந்தபோது நான் கன்னியர் மடத்தில் இருந்தேன். சிஸ்டர் ஆகும் ஆசையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்கவில்லை. அப்பா வந்து, “இங்க ஜெபம் சொல்ல நூறு பேரு இருக்காக. அங்க மசாலாவுக்கு ஒன்னய விட்டா ஆளில்ல தாயி” என்று கூட்டிவந்துவிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அம்மா போனபின் மசாலா அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாக் கடைக்கும் நான் ஒருத்தியே கலப்பேன். மிளகாய் ஒரு கடையில், மல்லி வேறொரு கடையில், பட்டை கிராம்பு இன்னொரு கடையில் வாங்குவோம். முழுப் பட்டியல் எந்தக் கடைக்காரருக்கும் தெரியக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். பிரிட்டோவின் மனைவிக்கே சொல்லவில்லை. அவள் வேற்று வீட்டுப் பெண்ணாம். கல்யாணமாகிப் போனால் நானும் வேற்று வீட்டுக்காரிதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வந்த வரன்களை எல்லாம் அப்பா தட்டிக்கழித்தார். ஒருவன் குடிப்பானாம், ஒருவன் குட்டையாம், ஒருவனுடைய அம்மாவுக்கு வாய் நீளமாம். கடைசியில், எனக்கு முப்பத்தாறு நடக்கும்போது ஸ்தனிஸ்லாஸ் வந்தார். சாணார்பட்டிப் பக்கம் வாத்தியார், மனைவியை இழந்தவர். பெண் பார்க்க வந்த அன்று கடைச் சிக்கனைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தோம். ஒரு துண்டு தின்றுவிட்டு, “காரம் ஜாஸ்திங்க, எனக்கு ஒத்துக்காது” என்று தட்டைத் தள்ளி வைத்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்பாவும் சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பின்னாலும் வாரத்தில் ரெண்டு நாள் பஸ் ஏறி வந்து மசாலா கலந்து தருகிறேன் என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு மனசு குளிரும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று பூசை முடிவில் அறிவிப்பார்கள். முதல் ஞாயிறு என் பெயரைக் கேட்டதும் கன்னம் சுட்டது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டேன். ரெண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு மற்றவர்கள் ஓலையை எல்லாம் வாசித்துவிட்டு எங்களுடையதை விட்டுவிட்டார்கள்.

பங்குச் சாமியார் ஆரோக்கியதாஸிடம் போய் நின்றேன்.

“நீ மடத்துல இருந்தவளாமே. வார்த்தைப்பாடு குடுத்திருந்தா கல்யாணம் செல்லாதும்மா. மடத்துச் சபையில இருந்து கடிதம் வரட்டும், பாப்போம்.”

“யாரு சொன்னா ஃபாதர்?”

அவர் மேசையைப் பார்த்தார். “உங்கப்பாதாம்மா.”

கடிதம் இருபது நாளில் வந்தது. நான் வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குள் சேதி சாணார்பட்டிக்குப் போய்விட்டது. ஆண்டவருக்கென்று போன பெண்ணைக் கட்டினால் குடும்பம் விளங்காது, ஒருத்தியைப் பறிகொடுத்தது போதாதா என்று ஸ்தனிஸ்லாஸின் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் போன் செய்து, “அம்மாவ மீற முடியலைங்க” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு மசாலா அறைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். “ஏம்ப்பா அப்படிச் சொன்னீக?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. “பொய்யா சொன்னேன்? நீ மடத்துல இருந்தது நெசந்தான?”

“அங்கிட்டு இருந்து கூட்டியாந்ததே நீங்கதான?”

“மசாலாவுக்குத்தேன் கூட்டியாந்தேன். கட்டிக் குடுத்தா, மொத மாசம் மசாலா கலக்க நீ மட்டும் வருவ. ரெண்டாம் மாசம் அவனும் கூட வருவான். மூணாம் மாசம் சாணார்பட்டியில அவனே கடை போட்ருவான்.”

“அவருக்குக் காரமே ஒத்துக்காதுப்பா.”

“விக்கிறவன் திங்கணும்னு சட்டமா?”

பெற்ற தகப்பனைச் சபிக்கக் கூடாது என்பார்கள். நான் சபித்தேன்.

அடுத்த மாதம் நிலக்கோட்டைக் கடைத் திறப்பு. வாசல் முழுக்க மல்லிகைச் சரம். சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்து யூடியூபில் போடும் ஒருவன் வந்திருந்தான். வெற்றியின் ரகசியம் என்னவென்று அவன் கேட்டதும் பிரிட்டோ என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

“எங்க ஜோஸ்பின் அக்காதேன் இந்தக் கடைக்கு உசுரு. எங்களுக்காகக் கல்யாணமே வேணாம்னுட்டாக.”

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் வேணாம்னு சொல்லல” என்றேன். “எங்கப்பாதேன் ஓலைய நிறுத்துனாரு.”

கைதட்டல் நின்றது. படம் பிடித்தவன், “அத வெட்டிரலாம்க்கா. செத்த சிரிச்சாப்புல நில்லுங்க” என்றான். அப்படியேதான் செய்தான். வீடியோவில் என் வாய் அசைகிறது. மேலே ஏதோ பாட்டு ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் சாவியை அப்பா முன்னால் வைத்துவிட்டேன். மூன்று நாள் கெஞ்சினார், ரெண்டு நாள் திட்டினார். மசாலாப் பட்டியலையும் அளவையும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டேன். பிரிட்டோ ஏதோ பாக்கெட் மசாலாவை வாங்கிவந்து ஒப்பேற்றினான். அஞ்சு கடையும் ஈயாட வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொண்டேன். அப்படியாவது என் பதினாலு வருஷத்துக்கு ஒரு மதிப்பு தெரியட்டும் என்றிருந்தது.

மூன்று வாரம் பொறுத்து ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் நாகல்நகர் கடைக்கு எதிரே போய் நின்றேன். ரோடு வரை கூட்டம். பார்சலுக்குத் தனி வரிசை. ஒரு ஆள் குறையவில்லை.

வீடியோவில் பார்த்திருப்பாள் போல, ஒரு பெண் தட்டோடு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். வாய் நிறையச் சிக்கன்.

“ஜோஸ்பின் அக்காதான? ஊருல இம்புட்டுக் கடை இருக்கு. ஆனா ஒங்க கை மசாலா வேற எவளுக்கும் வராதுக்கா.”

“சாப்புடு தாயி” என்றேன். “ஆறிப்போயிரும்.”