சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும்

டிவி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தலையைக் கொடுத்து, கையில் சிவப்பு ஒயரும் வாயில் வெள்ளை ஒயருமாக மண்டியிட்டிருந்தாள் ஆர்கிரோ. படம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் டிவியில் ஜம்மென்று தெரிகிறது. சத்தம்தான் வரவில்லை.

"வெள்ளையை இடது பக்கம் சொருகுடி," என்றாள் அம்மா எவான்தியா, சமையலறை வாசலில் நின்றபடி. அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

ஆர்கிரோ ஒயரைத் துப்பினாள். "சொருகியாச்சும்மா. எத்தனை தடவை சொருகறது?"

"அப்போ சிவப்பைச் சொருகு."

லாம்ப்ரோஸ் எதிர்ச்சுவரோரம் கட்டிலில் படுத்திருந்தார். நுரையீரல் கைவிட்ட பிறகு, ஹீட்டர் இருக்கும் இந்தக் கூடத்திலேயே அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கண் மங்கல். காது அதைவிட மோசம். வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் பாதி விழும். போனைக் கொடுத்தால் "ஆங்? ஆங்?" என்பதோடு சரி. அதனால்தான் ஆர்கிரோ தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து இந்தப் பாடு பட்டுக்கொண்டிருந்தாள். நார்வேயிலிருந்து தம்பி மில்தோஸ் பேசப்போகிறான். அவன் முகம் டிவியில் பெரிதாகத் தெரிய வேண்டும். அவன் குரல் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் அதிர வேண்டும்.

அவன் சொல்லப்போவது ஒரே ஒரு வார்த்தை. அவன் குழந்தையின் பெயர்.

மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர். கிரீஸில், அவர்கள் ஊரான ஆர்த்தாவில், இதை யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை. வீட்டில் அந்தப் பெயர் மறுபடி ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். மில்தோஸோ நார்வேக்காரியைக் கட்டிக்கொண்டு, குழந்தையும் பிறந்த பிறகு, "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவைத்தான். அந்தப் 'பாக்கலாம்' லாம்ப்ரோஸை நோயைவிட அதிகமாக அரித்தது. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், வீம்பு. கடைசியில் நேற்று மில்தோஸ் அக்காவைக் கூப்பிட்டு, "பேர் வெச்சாச்சு. நானே அப்பாகிட்ட சொல்றேன், நீ நடுவுல வராதே" என்றான். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறான். வெள்ளி வரை அப்பா தாங்குவார் என்று டாக்டர் சொல்லவில்லை.

"வேணும்னா நான் அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்ப்பா," என்று அவர் வலது காதில் கத்திப் பார்த்தாள் ஆர்கிரோ.

"நீயா?" லாம்ப்ரோஸ் மூச்சு வாங்கினார். "சாகப்போறவன் மனசு நோகக் கூடாதுன்னு நீ எதை வேணும்னாலும் சொல்லுவே. அவன் வாயால கேக்கணும்."

அவள் மறுபடி அலமாரிக்குப் பின்னால் புகுந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர், டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சிவப்பும் வெள்ளையும், அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்கு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆம்ப்ளிஃபயரில் விளக்கும் எரிந்தது. அதன் மேல் அம்மா போட்டிருந்த குரோஷா விரிப்பு முன்பக்கத்தில் பாதியை மறைத்துத் தொங்கியது; சத்தக் குமிழ் மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

"இந்தத் துணியை எடுத்துத் தொலைக்கவா?"

"கையை வைக்காதே! எங்கம்மா சீருக்குப் பின்னினது. வசந்தத்துல என் அண்ணன் போனதிலிருந்து அது மூடித்தான் கிடக்கு. துக்க வீட்டுல ஒரு வருஷம் பாட்டு எதுக்கு? உங்கப்பாவுக்குக் கிளாரினெட்னா உயிர். ஆனா என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசாம ஒத்துக்கிட்டார். சும்மா சொல்லக் கூடாது."

ஆர்கிரோ ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். ஒரு முறை படமும் போய், திரும்பி வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. இந்த வயதில், இந்த நாளில், ஒரு பெட்டியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அதற்குள் டிவியில் மில்தோஸ் வந்துவிட்டான். படகு வேலைக்குக் கிளம்பும் அவசரம், உடம்பில் சீருடை, தோளில் குழந்தை. குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது, ஊமைப்படம் மாதிரி. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மில்தோஸ் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"டேய், இரு! சத்தம் வரல! சொல்லிடாதே!"

குழந்தையின் வீறலில் அவனுக்கு எது காதில் விழும்? அவன் பேச ஆரம்பித்துவிட்டான். ஆர்கிரோ விரிப்பின் ஓரத்தில் கைவிட்டுக் குமிழைக் கடைசிவரை முறுக்கினாள். ஸ்பீக்கர்கள் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தன. மில்தோஸின் வாய் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பா டிவியைப் பார்க்கவே இல்லை. தலையணைக்கு அடியில் கையைவிட்டு எதையோ சரிசெய்துகொண்டு, வலது கன்னத்தை அதில் அழுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்பா! இங்க பாருங்க! உங்க பையன்ப்பா!"

அவர் அசையவில்லை. மில்தோஸ் கண்ணைத் துடைத்தான், குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினான். திரை அணைந்தது. ஆர்கிரோ ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். உடனே தம்பியின் போனுக்கு அடித்தாள். படகில் ஏறிவிட்டான், எடுக்கவில்லை.

"விடு," என்றார் லாம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தபடியே. "போதும்."

"ராத்திரி மறுபடி கூப்பிடுவான்ப்பா. அதுக்குள்ள நான் எப்படியாவது…"

"போதும்மா. சிப்புரோவை எடு. எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஊத்து. என் கணக்குல."

"நல்லா இருக்கு! இந்த மூச்சை வெச்சுக்கிட்டுச் சாராயமா?" என்று அவள் சீறினாள். "நாளைக்குப் பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள், வழக்கம்போல ஒரு மூச்சு விட்டார்; அடுத்ததை எடுக்கவில்லை. கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. அதை ஏமாற்றம் என்றுதான் ஆர்கிரோ நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து, அவரைக் குளிப்பாட்ட, கட்டிலிலிருந்து விரிப்போடு தூக்கிப் போனார்கள்.

மில்தோஸ் அடக்கத்துக்கு நேரே தேவாலயத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கல்லறையிலிருந்து திரும்பியதும் வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பி, ரொட்டி, ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் பிராந்தி. துக்கத்தில் கிளாஸோடு கிளாஸ் இடிக்கக் கூடாது. எல்லோரும் தலையைக் குனிந்து, "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சத்தமில்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபின் மில்தோஸ் கேட்டான். "அப்பா காதுல விழுந்துச்சா?"

ஆர்கிரோ தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"அக்கா, உன்னைத்தான்."

"விழலைடா. சத்தம் வரல. நான் கத்தினேன், நீ கேக்கல."

"மூணு தடவை சொன்னேனே! லாம்ப்ரோஸ், லாம்ப்ரோஸ்னு, அவர் பேரை!" அவன் குரல் உடைந்தது. "உன்கிட்ட ஒரே ஒரு வேலைதானே குடுத்தேன்? ஒரு ஒயரை மாட்டத் தெரியாதா உனக்கு?"

"இத்தனை மாசம் 'பாக்கலாம், பாக்கலாம்'னு இழுத்தது யாரு? நீ முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் ஏன் அலமாரிக்குப் பின்னால நாய் மாதிரி கிடக்கணும்?"

"போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றாள் எவான்தியா. "வந்து மெத்தையைப் பிடிங்க. வெயில்ல போடணும்."

மூன்று பேரும் கட்டிலருகே போனார்கள். அம்மா தலையணையை எடுத்தாள். கீழே ஒரு ஹெட்போன் கிடந்தது. அப்பாவின் பெரிய, பழைய ஹெட்போன். அதன் ஒயர் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, கம்பளத்துக்கு அடியில் போனது. ஆர்கிரோ கம்பளத்தைத் தூக்கிக்கொண்டே அதன் பின்னால் போனாள். அது ஆம்ப்ளிஃபயரில் போய் ஏறியது. அவள் அம்மாவைக் கேட்காமல் விரிப்பைத் தூக்கினாள். முகப்பின் மூலையில் ஹெட்போன் சொருகியிருந்தது. அது சொருகியிருந்தால் ஸ்பீக்கர் பேசாது. குமிழ், அவள் முறுக்கிய இடத்திலேயே, கடைசியில் நின்றது.

"அட மனுசா!" எவான்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். "என் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகல. ராத்திரியெல்லாம் கிளாரினெட் கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்கார்! காலையில பூனை மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு…"

மில்தோஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நான் பேசறப்போ அப்பா எப்படிப் படுத்திருந்தார்?"

"சுவர்ப் பக்கம் திரும்பி," என்றாள் ஆர்கிரோ. "வலது காது தலையணையில."

"அப்புறம் என்ன சொன்னார்?"

"போதும்னார். எல்லாருக்கும் ஊத்தச் சொன்னார். அவர் கணக்குல." அவள் குமிழைப் பார்த்தாள். "நான்தான் நாளைக்குன்னுட்டேன்."

எவான்தியா தலையணையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடியது. சிப்புரோ புட்டியும் மூன்று சின்னக் கிளாஸ்களுமாகத் திரும்பினாள். டிவிக்கு முன்னாலிருந்த மேஜையில் வைத்து, அவர் ஊற்றுவதுபோலவே விளிம்புவரை ஊற்றினாள்.

மில்தோஸ் தன் கிளாஸை எடுத்துத் தலையைக் குனிந்தான். "ஆண்டவர் அவரை…"

"இரு," என்றாள் அம்மா. கையை நீட்டி, தன் கிளாஸை அவன் கிளாஸில் ஒரு இடி இடித்தாள். பிறகு ஆர்கிரோவின் கிளாஸிலும்.