எல்லா ஃபேனும் உள்நோக்கி

1

இந்தக் கதை ஓர் அப்பளத்தில் பிறந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் ஞாபகமறதியாக அப்பளம் ஒன்றை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பொரிந்திருந்தது, எண்ணெய் இல்லாமல். அன்றைக்கு ரசத்துக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடலாம். அங்கேயும் நம்பும்படி பெரிதாக ஒன்றுமில்லை.

பெட்டி, கனடாவில் இருக்கும் என் மகள் குந்தவை வாங்கி அனுப்பியது. எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி, மூடி, முடித்தே வந்து இறங்கியது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்குகள், காற்று நுழைய விரல் அகலத்துக்கு ஒரு சந்து. கல்யாண மண்டபத்துக்குத் தோரணமெல்லாம் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்ததுபோல.

எங்கள் ஊர் கோடியக்கரை போகிற வழியில். சித்திரையில் காலை எட்டு மணிக்கே காக்கை நிழல் தேடும். பெட்டி கொஞ்ச நேரம் ஓடும், பிறகு ஊளையிடும், பிறகு தானாக அணைந்துவிடும். சூடு தாங்காமல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறதாம். அதனால் இந்தக் கதையில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அவற்றைத் திருத்தப்போவதில்லை. அது என் நடையென்று விமர்சகர்கள் யாரும் தப்பாக நினை

2

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: "மதிவாணன் முப்பது வயது இளைஞன். அவன் காதலி கடல் கடந்து போயிருந்தாள்."

மூன்றாவது வரியில் மதிவாணனுக்கு மூட்டுவலி வந்துவிட்டது. ஆள்மேல் சந்தேகம் தட்டியது. அடித்துவிட்டேன். சரி, ஆள் நான்தான். பெயர் பக்கிரி. காதலி என்று எழுதியது என் மனைவி பிரகதாம்பாளை. மகளின் இரண்டாவது பிரசவத்துக்கென்று போனாள், மூன்று மாதத்தில் வருவதாக. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறது.

காலையில் கம்ப்யூட்டரில் பேசுவோம். அங்கே அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும்.*

(* கைப்பேசி எங்கே என்பீர்கள். போன ஐப்பசியில் வாய்க்காலில் விழுந்தது, ஒரு விரால் விழுங்கிவிட்டது. குத்தாலத்தில் ஒரு மீன்கூடைக்குள் மணியடித்ததாகத் தகவல். வேறு வாங்காததற்குக் காரணம் உண்டு. கைப்பேசி என்றால் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். கம்ப்யூட்டர் என்றால்தான் உட்காருவாள்.)

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. அதைப் பேச்சின் தொடக்கத்தில் கேட்கமாட்டேன். பேரன் கடித்தது, இங்கே உளுந்து காய்ந்தது, அங்கே பனி கொட்டுவது என்று போகவிடுவேன். ஃபேன் சத்தம் அறுவடை மெஷின்போல ஏறும். இன்னும் அரை நிமிஷம்தான் என்று தெரிந்ததும் கேட்பேன்: "பிரகதா, நீ எப்ப வர்றே?"

அவள் வாய் திறக்கும். திரை கறுத்துவிடும். கறுத்த திரையில் என் முகம் தெரியும். எழுந்துபோய்க் காபி போடுவேன்.

[இந்த இடத்தில் கதாநாயகனின் மனநிலையை விளக்கி ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, இப்படியே போனா எப்படி? உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அது கொஞ்சம் நீளம். முதல்ல அந்தப் பொட்டிக்குக் காத்து வர வழி பண்ணுங்க."

"சுருக்கமாச் சொல்லேன்."

"சுருக்கமாச் சொல்ற விஷயமா இருந்தா நான் எதுக்கு இத்தனை"

(இந்த வாக்கியத்தை நிறுத்தியது பெட்டி.)

4

வேதாரண்யத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஸாரிடம் தூக்கிப்போனேன். பக்கத்து மூடியைக் கழற்றியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அறுப்புக் காலத்துப் பதரும் தூசியும் உள்ளே மெத்தை போட்டிருந்தன.

"ஐயா, இதுக்குள்ள ஒரு மரக்கா நெல்லே இருக்கும்போல?"

"விதைக்கு வச்சிருக்கேன்."

பெயின்ட் பிரஷ்ஷால் பெருக்கினார். மூளைச் சில்லின்மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டி, புதிதாக மிளகளவு வைத்தார். முகப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சல்லடைத் தகடு போட்டார். புதிதாக இரண்டு ஃபேன் எடுத்துக் கொடுத்தார்.

"முன்னாடி ரெண்டும் காத்தை உள்ள இழுக்கணும். பின்னாடி ஏற்கெனவே இருக்குற ஃபேன் வெளிய தள்ளிக்கிட்டிருக்கு, அதைத் தொட்டுடாதீங்க. நானே மாட்டித் தரட்டுமா?"

"தேருக்கே கட்டை போட்ட கை இது" என்றேன். தேருக்குக் கட்டை போடுவது அதை நிறுத்தத்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து முன்னால் இரண்டையும் மாட்டினேன். பிறகு பின்னால் இருந்ததைக் கழற்றி, அதையும் உள்நோக்கித் திருப்பினேன்.

வாசகர் கோபப்படக் கூடாது. நான் கடைமடைக்காரன். மேட்டூரில் திறந்த தண்ணீர் வலங்கைமான், குத்தாலம் என்று எல்லார் வயலையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று எங்களிடம் எட்டிப் பார்க்கும். வந்ததை மறிக்கத்தான் இந்தக் கைக்குத் தெரியும். உள்ளே வந்த காற்றை வெளியே தள்ளுவதற்கென்று தனியாக ஒரு ஃபேனா? மனசு கேட்கவில்லை.

பெட்டி முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது. பக்கத்து வீட்டு அம்சவல்லி அதன்மேல் முட்டைகளை அடைக்கு வைத்துப் பார்த்தாள். குஞ்சுகள் வேர்த்துக்கொண்டே வெளியே வந்தன.

5

"பின்னாடி கையை வச்சுப் பாருங்க. காத்து வெளிய வருதா?" என்றாள் பிரகதாம்பாள்.

"இல்ல."

"பின்ன எங்க போகுது?"

"எங்கயும் போகல. எல்லாத்தையும் உள்ளயே வச்சிருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கனடாவில் யாரோ எழுந்து வந்து பார்த்தார்கள்.

"வடிகாலை அடைச்சுட்டு வாய்க்கா வெட்டுறாரு பாரு! புயல் வருஷம் நாத்து மூழ்கிக் கிடக்கு, மடையைத் தொறக்கமாட்டேன்னு குறுக்க நின்ன ஆளுதானே? நானில்ல மம்பட்டி எடுத்து வெட்டிவிட்டேன்!"

"அது என் தண்ணி."

"தண்ணி உங்களுதுதான். அழுகுன நாத்தும் உங்களுதுதா"

நான்கு திருகு. பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டினேன். எழுத ஒரு வரி. செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பெட்டியின் முதுகில் கை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வெளியே போனது. உயிரோடு இருக்கிறதா என்று காது வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது, அத்தனை அமைதி.

6

இனி முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவை:

திருச்சி விமான நிலையம். அவள் பெட்டி தள்ளிக்கொண்டு வருகிறாள். என்னைப் பார்த்ததும், "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்கிறாள். (சினிமாத்தனம். அடித்தேன். சட்டையை மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.)

அவள் என்னை அங்கே கூப்பிடுகிறாள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேட்டியோடு பனியில் இறங்குகிறேன். நான் நின்ற இடத்தில் பனி உருகி நாற்றங்காலுக்குப் பதமாகிறது. (அடிக்க மனமில்லை. அடித்தேன்.)

குந்தவைக்கு மூன்றாவது. (அவள் படித்தால் என்னை அடிப்பாள்.)

நீளமான விஷயம் என்றதும் உங்களுக்கு இன்னொன்றும் தோன்றியிருக்கும்: உடம்பு, ஆஸ்பத்திரி. எனக்கும் தோன்றியது. அதை மட்டும் எழுதிப் பார்க்கவில்லை.

7

இன்று காலை பேசினோம். சத்தமில்லாததால் அவள் பக்கத்து நாற்காலி கிரீச்சிடுவதும், மேசையில் வளையல் படுவதும் கேட்டன.

"என்னங்க, இரைச்சலே காணும்?"

"ஃபேனைத் திருப்பிட்டேன்."

"அப்ப இனிமே நிக்காதா?"

"நிக்காது."

பேச இவ்வளவு நேரம் எங்களுக்குக் கிடைத்ததேயில்லை.

"ஏன் எப்பவும் கடைசியிலயே கேக்குறீங்க?"

"எதை?"

"அதைத்தான். நான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிட்டுத்தான் எழுந்திரிக்கிறேன். நீங்க அணைஞ்சு போனப்புறமும் முழுசாச் சொல்லிடுவேன். யாருகிட்டம்மா பேசுறேன்னு குந்தவை கேப்பா."

"என்ன சொன்னே?"

"கேளுங்க, சொல்றேன். கேக்காம சொல்லமாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "என்னது, டைப் அடிக்கிறீங்க?"

"ஒரு கதை. முடிவுதான் பாக்கி."

"முடிச்சுட்டே வாங்க. நான் உட்கார்ந்துதான் இருக்கேன்."

உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கத்துக்கு அடுத்தாற்போல் திரையின் ஓரத்தில் அவள் முகம். கன்னத்தில் கை. பெட்டி குளிர்ந்திருக்கிறது, கரண்ட் இருக்கிறது. இனி ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் பழியை மெஷின்மேல் போட முடியாது.

வாசகரே, உங்களுக்கு என்ன பயம்? உங்கள் மனைவியா? வாய்விட்டுக் கேளுங்கள். இங்கே சத்தமில்லை, அவளுக்குக் கேட்கும். பாதிவரை நான் கொண்டுவந்து விடுகிறேன்:

பிரகதா, நீ எப்ப