வழவழவென்று ஒரு சேஸிஸ்

டிராயிங் வாத்தியாருக்கு ஒரு வியாதி உண்டு. சொரசொரப்பாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஓய்வு பெற்றவர். வீட்டில் கதவு, ஜன்னல், முக்காலி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "நல்லவேளை, முகத்துல பரு இருந்த வயசுல உங்களுக்கு வாக்கப்படல" என்பாள் அவர் மனைவி.

அந்த வியாதிதான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் ஆசையில் மண்ணைப் போட்டது. மச்சானுக்கு அது இன்னும் தெரியாது.

மச்சான் என்றால் வாத்தியார் மனைவியின் அண்ணன், தையல்காரர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்குவாரி ஏலத்தில் அந்தப் பழைய டிரக்கைப் பிடித்தார். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். வாங்கும்போது ஒரு சக்கரம்கூடச் சுற்றவில்லை, அது வேறு விஷயம். பெயர் எருமை. மச்சான் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அதைப் படுக்கவைத்து, ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் அடியில் புகுந்துகொள்வார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் மச்சான் பொறுப்பு. துரு, பட்டி, பெயின்ட் எல்லாம் வாத்தியார் பாடு. மச்சானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே இருக்கிற கல் ஆற்றில் எருமையை இறக்கி, லோ கியரில் போட்டு, தன் கையால் அக்கரை ஏற்ற வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாத்தியார் தனியாக, இரும்பு தேய்க்கிற கிரைண்டரோடு, சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் கிடந்தார். வலது முன் சக்கரத்துக்கு மேலே, நாற்பது வருஷத்துச் சேற்றுக்கும் பழைய பெயின்டுக்கும் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் குண்டும் குழியுமாக இருந்தது. துரு அரித்திருக்கிறது என்று நினைத்தார். அவருக்குப் பொறுக்குமா? தேய்த்தார். தேய்த்த பள்ளத்துக்குப் பட்டி வைத்தார், பிரைமர் அடித்தார், மறுபடி தேய்த்தார். சாயங்காலம் வந்த மச்சான் விரலால் தடவிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்று சொக்கிப் போனார்.

பத்து நாள் கழித்து வண்டிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் வாத்தியாருக்கு விஷயம் தெரிந்தது. வலது முன் சக்கரத்துக்கு மேலே இருந்தது துரு அல்ல, சேஸிஸ் நம்பர். அந்த நம்பர் இல்லாத வண்டி சட்டத்தின் கண்ணில் வண்டியே அல்ல; அரசு ஆய்வில் தேறாது, ரோட்டில் இறக்க முடியாது.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, கையிலிருந்த புத்தகத்தோடு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனுஷன் சொல்லவில்லை. மச்சான் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் அடுத்த ஞாயிறு என்று தள்ளினார், அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளினார். "ஆய்வுக்குக் கொண்டுபோயிடலாமா?" என்று மச்சான் ஆரம்பிக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு வேலையைக் கிளப்பினார். வண்டி இன்னும் நாலு அங்குலம் உயரணும், ஸ்பிரிங்கை மாத்தலாம் என்றார். அதில் பத்து மாதம் போனது. சேற்றில் மாட்டினால் இழுத்துக்கொள்ள வின்ச் வேண்டாமா என்றார். ஆற்றுத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் என்ன கதி, துதிக்கை வைக்கலாம் என்றார். துதிக்கை என்றால் கூரை உயரத்துக்கு நீட்டிவிட்ட காற்றுக் குழாய். மச்சான் ஒவ்வொன்றுக்கும் குழந்தை மாதிரி குதித்தார். "என்ன மூளை மாப்பிள்ளை உங்களுக்கு!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சான் ஊசியில் நூல் கோக்கத் தடுமாற ஆரம்பித்தார். வயசாச்சு என்று விட்டுவிட்டார். பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கண் நரம்பு பட்டுக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்றார் கண் டாக்டர். இப்போது பக்கங்கள் இருண்டு, நேரே இருப்பது மட்டும் குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரிகிறது. தூரத்து எழுத்து வெறும் புகை. போன மாதம் டாக்டர், "வண்டி ஓட்டுறதா இருந்தா இன்னும் ரெண்டு மாசம். அதுவும் பகல்ல, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மச்சான் யாரையும் கேட்காமல் ஆய்வுக்கு விண்ணப்பம் போட்டு, தேதியும் வாங்கிவிட்டார்.

ஆய்வுக்கு முந்தின வாரம் வாத்தியார் குறுக்கு வழி ஒன்று தேடினார். இரும்பில் நம்பர் குத்துகிற அச்சுகளை எங்கிருந்தோ வாங்கிவந்து, பழைய தகட்டில் அடித்துப் பார்த்தார். நாற்பது வருஷம் கோடு போட்ட கை, ஒரு ஏழாம் நம்பரைக்கூட நேராகக் குத்தவில்லை. திருட்டுத்தனம் கைக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. அச்சுகளைத் துணியில் சுற்றிப் பரணில் எறிந்தார்.

ஆய்வு நாள் காலையில் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனார். மச்சான் தானே தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, எருமையை இழுத்துப்போக வந்த இழுவை வண்டிக்காரருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வாயைத் திறந்தார். "சட்டை நல்லாயிருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

ஆய்வு மைதானத்தில் ஆய்வாளர் அம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். எருமையைச் சுற்றிவந்து, "யாரு சார் பண்ணினது? ரொம்ப அழகா இருக்கே" என்றாள். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பாஸ். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அவள் சின்ன வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வலது முன் சக்கரத்தருகே குனிந்தாள். நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் பதிந்து வரும். காசுமேல் காகிதம் வைத்து இதே வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் நம் வாத்தியார். தாளில் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாதா?

தாள் முழுக்க ஒரே சாம்பல். மேடில்லை, பள்ளமில்லை.

அவள் மூன்று தாளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இங்க கிரைண்டர் ஓடியிருக்கு. யார் தேய்ச்சது?"

"அங்கதாம்மா இருக்கும், நல்லாப் பாருங்க" என்றார் மச்சான்.

"நான்தாம்மா தேய்ச்சேன்" என்றார் வாத்தியார். "துருன்னு நினைச்சுத் தேய்ச்சுட்டேன். நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா? அப்பவே வந்திருக்கலாமே சார். தெரியாம அழிஞ்சுபோச்சுன்னு எழுதிக் கொடுத்தா, நாங்களே புது நம்பர் குத்திக் கொடுப்போம். அரைநாள் வேலை. திருட்டு வண்டி தொல்லையால போன வருஷம்தான் அதை நிறுத்தினாங்க." அவள் குரல் இறங்கியது. "இப்ப என் கையில ஒண்ணுமில்ல. வண்டியை வெளிய விட முடியாது. பழைய இரும்பா நசுக்குறதுக்குத்தான் எழுதணும். உள்ள உங்க சாமான் இருந்தா எடுத்துக்குங்க."

அரைநாள் வேலை. வாத்தியாருக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

மச்சான் கதவைத் தடவித் திறந்து ஏறி, ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்தார். கிளட்சை மிதித்து, இன்ஜின் போடாத வண்டிக்கு லோ கியர் போட்டார். வாத்தியார் ஜன்னலருகே போய் நின்றார்.

"ஸ்பிரிங் மாத்தினது?" என்றார் மச்சான், நேரே பார்த்தபடி.

"அதுக்கப்புறம்தான் மச்சான்."

"வின்ச்?"

"அதுவும்தான்."

"துதிக்கை?"

வாத்தியார் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்று ஆட்டினால் மச்சானுக்குத் தெரியாது என்று உறைத்து, "ஆமா" என்றார்.

"அப்பல்லாம் எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது மாப்பிள்ளை."

திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் வாத்தியார் நிம்மதியாக அழுதிருப்பார். மச்சான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியை ஆய்வாளர் அம்மாவிடம் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெளிக்கேட்டில் முழங்கை இடித்தது. வாத்தியார் பிடிக்கப் போனபோது கையை இழுத்துக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் மூன்றே பேர். மச்சான் நடுவில். ஒரு பக்கம் பையோடு ஒரு பெண், மறுபக்கம் வாத்தியார். தூரத்தில் ஒரு பேருந்து வளைவில் திரும்பி வந்தது. மச்சான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். வாத்தியார் நம்பரைச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினார்.

மச்சான் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "அம்மா, வர்ற பஸ் என்ன நம்பர்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? கூட யாரும் வரல."

அவள் வாத்தியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, நம்பரைச் சொன்னாள்.