ஆயர் துண்டு

புனித மார்ட்டின் திருநாளன்று வில்மா வீட்டு ரொட்டி அடுப்பிலிருந்து வாத்து வாசனை கிளம்பியதும் தெருவே மூக்கைத் தூக்கியது. வீட்டில் சோளம் ஊட்டி வளர்த்த பெரிய வாத்து. வயிற்றில் புளிப்பு ஆப்பிளும் உலர்ந்த பிளம் பழமும் அடைத்து, பட்டையும் கிராம்பும் தட்டிப்போட்டு, தோலில் உப்பைத் தேய்த்தாள். அவ்வளவுதான் சமையல். உருகி வழிகிற கொழுப்பை அரை நாளும் கரண்டியால் மொண்டு மேலே விட்டுக்கொண்டே இருக்கும் பொறுமைதான் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

"அண்ணி, ஆயர் துண்டைச் சாமிக்கு எடுத்து வச்சிட்டீங்களா?" என்றாள் நாத்தனார் பிரோஷ்கா.

வாத்தின் வால்பக்கத்துக் கொழுத்த துண்டுக்குத்தான் அந்தப் பேர். எந்த வீட்டில் வாத்து வெந்தாலும் அது பங்குச் சாமியின் தட்டுக்குப் போய்ச் சேரும். வில்மா வீட்டுத் துண்டென்றால் சாமி காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டு வைப்பார்.

"இந்த வருஷம் அந்த ஆளு வந்து கேட்டு வாங்கட்டும்."

"கொஞ்சம் தணிஞ்சு போங்க அண்ணி. வாய்க்கு ருசியா போனா மனசும் எறங்கும். அண்ணனுக்காகத்தான் சொல்றேன்."

"நானும் உங்கண்ணனுக்காகத்தான் சொல்றேன்."

வில்மாவின் புருஷன் மிக்ளோஷ் அறுவடை முடிந்த கையோடு டிஸா ஆற்றில் பிணமாக மிதந்தான். தவறி விழுந்தானா, தானே குதித்தானா, ஆற்றுக்குத்தான் வெளிச்சம். சாமிக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. தற்கொலைக்காரனுக்கு மணி அடிக்க மாட்டேன் என்றார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, பன்றி மேய்கிற மேட்டில் புதைக்க வைத்தார். என்ன நெஞ்சோ அந்த மனுஷனுக்கு! வில்மா காலில் விழுந்து கேட்டாள்.

"அந்தக் குழி ஒரு சாண்கூட உள்ள நகராது," என்றார். திரும்பிப் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "கல்லறை வேலி இந்த வருஷம் உன் வீட்டு முறை. மார்ட்டின் நாளுக்குள்ள கட்டி முடிச்சிரு."

முறை வந்த வீடு வேலி கட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். வில்மா அழுகையை நிறுத்தியது அந்த இடத்தில்தான்.

வாத்து நன்றாகச் சிவந்ததும் கூடையில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். பங்கு வீட்டு வாசலில் சாமி நின்றிருந்தார். கூடையைக் கண்டதும் அவர் கை தானாகக் கதவைத் திறந்தது. "ஸ்தோத்திரம் சாமி," என்று சொல்லிவிட்டு வில்மா நிற்காமல் நடந்தாள். ரொட்டி மூட்டையோடு பின்னால் வந்த பிரோஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் வேலி கட்ட வந்த யோஷ்காவும் அவன் தம்பிகளும் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தார்கள். குச்சி பின்னிய புதுப் படல் வேலி நேராக ஓடி வந்து, மிக்ளோஷின் மேட்டருகில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி வெளியே புடைத்து, மேட்டை உள்ளே வளைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி நேராகப் போனது.

வில்மா மேட்டருகில் கூடையை இறக்கியதும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டே சாமியும் வந்து சேர்ந்தார். படலைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"யாரைக் கேட்டு வேலியை நகத்தின?"

"குழி நகராதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சாமி. குழி நகரலையே."

யோஷ்கா மீசைக்குள் சிரித்தான்.

"நாளைக்கே புடுங்க வைக்கிறேன்."

"யாரை வச்சு? படல் வேலை தெரிஞ்சவங்க எல்லாரும் இங்கதான் என் சோத்துக்கு உட்கார்ந்திருக்காங்க."

சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யோஷ்கா வாத்துக் காலைப் பிய்த்துத் தம்பியிடம் நீட்டினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வில்மா ஆயர் துண்டைத் தட்டில் வைத்துப் படலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "வழக்கத்தை நான் மீறல. உள்ள வாங்க. அவருக்கு ஒரு செபம் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

அவர் கண் தட்டுக்குப் போனது. கால் அசையவில்லை.

"சரி," என்று அவள் மேட்டுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துண்டைத் தானே கடித்தாள். கொழுப்பு முழங்கை வரை வழிந்தது. வேலிக்கு வெளியே சாமி ஒருவர்தான் நின்றார்.

அறுவடைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது.