பரவாயில்லைக்கு ஐந்து மார்க்

கம்பெனியில் அவருக்கு மூக்கர் என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சாதாரண மூக்குதான், நுனியில் கொஞ்சம் சிவப்பு. ஆனால் அந்த ஒரு மூக்கை நம்பித்தான் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டி விற்கும் பூ வியாபாரத்துக்குப் புது ரோஜா ரகம் உண்டாக்குவது அவர் வேலை.

கடையில் வாங்குகிற ரோஜாவுக்கு வாசம் கிடையாது. வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோவார்கள், ஒன்றும் கிடைக்காது, யாரோ ஏமாற்றிவிட்டது போல ஒரு முகம் காட்டுவார்கள். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. காம்பு முழங்கை நீளம் வேண்டும், கழுத்து சாயக்கூடாது, தண்ணீரே இல்லாமல் நாலு நாள் பெட்டிக்குள் குளிரில் கிடந்துவிட்டு ஜாடியில் இரண்டு வாரம் நிற்க வேண்டும் என்று கேட்டால், அது எதையாவது விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வாசத்தை விட்டுக்கொடுத்துவிட்டது. வாசம் உள்ள செடியோ மூன்றாம் நாளே இதழையெல்லாம் உதறிவிட்டு ஓய்ந்துவிடும். இரண்டு குணமும் ஒரே செடியில் சேர்ந்த ரோஜாவை எட்டு வருஷத்தில் தருகிறேன் என்று மூக்கர் மேலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, பொறுமைதான் வேண்டும். தாய்ப்பூ விரிவதற்கு முதல் நாள் இதழ்களைப் பிய்த்துவிட்டு, மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுத் தடவி, காகிதக் குல்லாய் போட்டு, யாருக்கும் யாருக்கும் சம்பந்தம் என்று சீட்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். காய் பழுக்க நாலு மாதம். விதையை ஈரத்தோடு இரண்டு மாதம் குளிர்பெட்டியில் தூங்க வைத்தால், மனசு வைத்தவை மட்டும் முளைக்கும். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் நாற்று. அதில் காம்பும் நிறமும் சரியில்லாததைக் கண்ணாலேயே கழித்துவிட்டு, மிஞ்சுகிற சில நூறுக்கு மட்டும் வாசப் பரீட்சை. தேறாதவற்றைச் சனிக்கிழமை தோறும் வேரோடு பிடுங்கிக் கொட்டகைக்குப் பின்னால் எரித்துவிடுவார்கள். பூச்சி, நோய் பரவிவிடக் கூடாது அல்லவா.

வாசத்துக்கு மார்க் போடுவது மூக்கர் மட்டும்தான். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. ஒரு குழு வைத்து மோந்து பார்க்கலாமே என்று மேலாளர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பத்து மூக்கு கூடினால் ஒரு முடிவும் வராது, இதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று இவர் மறுத்துவிட்டார். அப்போது அவர் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. செடிகளுக்கு நடுவே வேலை செய்யும் பெண்களும் மருந்து நெடிக்காக முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டே நடந்தார்கள்.

ஐந்தாவது வருஷம் அவருக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. பத்து நாளில் போய்விட்டது, போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று, தன் செடிகளிலேயே வாசம் அதிகமான கருஞ்சிவப்புத் தாய்ச்செடியின் பூவுக்குள் முகத்தைப் புதைத்தார். வெறும் தண்ணீரை மோந்தது போல இருந்தது. ஒரு வாரம் பார்த்தார், ஒரு மாதம் பார்த்தார். ரகசியமாகப் போய்ப் பார்த்த டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்று சொல்லி ஒரு சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று பாட்டில் தீர்ந்தது. மூக்கு வரவில்லை.

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூக்கில்லாத மூக்கரை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? ஐந்து வருஷ உழைப்பு இன்னொருவர் கைக்குப் போய்விடும், பிறகு அந்த ரோஜாவின் மேல் இவர் பெயரின் நிழல்கூட விழாது. பயந்தார். பயம் வந்தபிறகு மனுஷனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்பார்கள்; இவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. பரீட்சைக்கு வந்த பூவை மதிய உணவு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நோட்டுகளை அடுக்கிவைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். கணவர் டப்பாவைத் திறந்து பூவை நீட்டிய முதல் நாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று. இரண்டாம் நாளும் பூ வந்தது. ஒரு வாரம் விடாமல் வந்ததும், கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து மனுஷனுக்கு ஞானம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். போதாததற்கு அந்தச் சமயத்திலிருந்து அவர் சாப்பாட்டிலும் குறை சொல்வதை விட்டுவிட்டார். எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். மோப்பம் போனவருக்கு நாக்கும் பாதி போய்விட்டது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? குறை சொல்லாத கணவன் கிடைத்தால் எந்த மனைவி அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள்?

அவள் மோந்து பார்த்து என்ன சொல்கிறாளோ அதை மறுநாள் காலையில் இவர் மார்க்காக மாற்றிப் பதிவேட்டில் எழுதினார். அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். அவள் பாராட்டில் மகா சிக்கனம். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் நோட்டிலும் கையெழுத்தைத் திருத்தச் சொல்லி எழுதுகிறவள். 'நல்லா இருக்கு' என்று அவள் சொன்னால் நம்பக்கூடாது, பக்கத்து வீட்டுத் திரைச்சீலைக்கும் அதையே சொல்வாள். ஆகவே அதற்கு இரண்டு. 'வாசமா இருக்கு' என்றால் மூன்று. 'ம்' என்றால் ஒன்று. ஒன்றுமே சொல்லாவிட்டால் பூஜ்யம். அவள் வாயிலிருந்து வரக்கூடிய ஆக உயர்ந்த வார்த்தை 'பரவாயில்லை'. இந்த வீட்டை வாங்கியபோது அப்படித்தான் சொன்னாள். மகள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தபோதும் அதைத்தான் சொன்னாள். இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அக்கா கேட்டதற்கு அவள் சொன்ன பதிலும் பரவாயில்லைதான் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஐந்து.

இரண்டு வருஷம் ம், நல்லா இருக்கு, வாசமா இருக்கு என்றே ஓடியது. மேலாளர் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த நிலையில் வந்தது 214-ஆம் எண் நாற்று. இளஞ்சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை. காம்பு ஈட்டி மாதிரி. ஜாடியில் பதினெட்டு நாள் அசையாமல் நின்றது. இதற்கு மட்டும் வாசம் இருந்துவிட்டால் போதும் என்று அன்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தார்.

அவள் மோந்து பார்த்தாள். ஒரு விநாடி அதிகமாக மோந்தது போலத் தோன்றியது. இவரால் பொறுக்க முடியவில்லை. பயத்தில் கேள்வியைக் கோணலாகக் கேட்டுவிட்டார்.

"என்ன, வாசம் பத்தலையோ?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்ல" என்றாள். கொஞ்சம் மெதுவாக, கனிவாகவே சொன்னாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் பதிவேட்டில் ஐந்து என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 214-இன் மொட்டுகளை எடுத்து ஒட்டுக்கட்டி ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். அத்தனை செடி பூத்து நின்றபோதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூக்கரே ஐந்து போட்டிருக்கிறார், தனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பூவைப் பார்க்க வந்த கொள்முதல்கார அம்மாள் முதலில் பதிவேட்டைப் பார்த்தார், அப்புறம் பூவை மோந்தார், கண்ணை மூடிக்கொண்டார். பேரிக்காய் வாசம் லேசாக வருகிறது என்றார். மேலாளர் மோந்துவிட்டு மழை பெய்து ஓய்ந்த வாசம் என்றார். கணக்கர் ஏலக்காய் என்றார். மூக்கர் ஒவ்வொரு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், எல்லாமே மலர்ந்திருந்தன. விற்பனைப் பிரிவு 'மணவாட்டி' என்று பெயர் வைத்து, மணத்துக்கு மணமும் ஆச்சு, கல்யாணத்துக்குக் கல்யாணமும் ஆச்சு என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது.

அறிமுக விழாவுக்கு மனைவியையும் அழைத்துப்போனார். மேடையில் அவர் மூக்கைப் பற்றியே மூன்று பேர் பேசினார்கள். கீழே வந்ததும், மணவாட்டி ஒன்றை எடுத்துப் பெருமையோடு அவள் கையில் கொடுத்தார். அவள் மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏங்க, இது அன்னைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தீங்களே, வாசமே இல்லாத பூ, அதுதானே?"

"நீதானே பரவாயில்லைன்னு சொன்ன?"

"வாசம் பத்தலையோன்னு நீங்க கேட்டீங்க. மூஞ்சி தொங்கிப்போய் நின்னீங்க. போனா போகுது, பரவாயில்லைன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர், கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. "ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஜலதோஷம், சொட்டுமருந்து, டப்பா, வாய்ப்பாடு. அவள் திட்டவில்லை. "அப்போ தினமும் பூ கொண்டு வந்தது மார்க் போடத்தானா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே மேலாளர் அறைக்குப் போனார். இராத்திரி முழுவதும் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்பித்தார். 214-க்கு வாசம் கிடையாது, தன் மூக்கு மூன்று வருஷமாகச் செத்துக் கிடக்கிறது, மார்க் எல்லாம் பொய், என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். மேலாளர் முழுவதும் கேட்டார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்களுக்கு எந்த வாசமும் தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அப்போ வாசம் இல்லைன்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மனைவி சொன்னாள் என்றார். மேலாளர் பரிதாபமாகச் சிரித்தார். கொள்முதல்கார அம்மாள் பேரிக்காய் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார், நானும் மோந்திருக்கிறேன், நேற்று விழாவில் இருநூறு பேர் மோந்தார்கள்; மூக்கில்லாதவர் ஒருவரும் கணக்கு டீச்சர் ஒருவரும் மட்டும் இல்லை என்கிறார்கள், எதை நம்புவது என்று அவரையே நியாயம் கேட்டார். கடைசியில் எழுந்து வந்து தோளில் கை போட்டு, ரொம்ப உழைத்துவிட்டீர்கள், ஒரு வாரம் ஓய்வெடுங்கள், மூக்கு விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும் என்றார். மூக்கறுபடத் தயாராகப் போனவர் மூக்கோடு திரும்பி வந்தார்.

மணவாட்டி நன்றாக விற்றது. வாசம் இல்லை என்று ஒரு புகாரும் வரவில்லை. மென்மையான வாசம், எல்லோருக்கும் பிடிபடாது என்று பெட்டியின் மேல் அச்சடித்துவிட்டார்கள். பிறகு எவன் வாயைத் திறப்பான்?

ஒரு வார ஓய்வில் மூக்கர் வீட்டிலேயே கிடந்தார். மனைவி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் நோட்டுகளை மூடிவைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"எதுக்கு இப்படி இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கீங்க? வாசமுள்ள ரோஜாவைத்தான் நீங்க எப்பவோ பண்ணிட்டீங்களே. அதைக் குடுத்திட வேண்டியதுதானே?"

எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்தில் ஒன்று கொண்டுவந்தீர்களே, இளமஞ்சள் நிறத்தில், என்றாள். டப்பாவைத் திறந்ததுமே கூடம் முழுக்க மணந்ததாம். கையில் எடுத்தபோது என்னென்னவோ ஞாபகம் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாளாம்.

"அன்னைக்கு எனக்குப் பேச்சே வரல" என்றாள். "வாசம்னா அது வாசம். பூ வாடினப்புறமும் நாலு நாள் அந்த டப்பா மணந்துச்சு, கழுவ மனசே வரல."

அவருக்கு நினைவு வந்தது. 97. நல்ல காம்பு, ஜாடியில் பதினாறு நாள். அவர் நீட்டினார், அவள் வாங்கினாள், ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருத்தினாள். மறுநாள் தன் கையால்தான் பூஜ்யம் என்று எழுதினார். அந்த வாரச் சனிக்கிழமை நல்ல வெயில் அடித்ததும், காய்ந்த செடிகள் சீக்கிரம் பற்றிக்கொண்டதும்கூட நினைவு வந்தது. அதே தாயையும் அதே தகப்பனையும் இன்னும் ஆயிரம் தடவை சேர்த்து வைத்தாலும் அதே பிள்ளை மறுபடி பிறக்காது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

"அந்தச் செடி பத்திரமா இருக்கில்ல?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.