பத்து மணிக்கு ஏறும் இரைச்சல்

மதுரை ஆனையூரில் அருள்பாண்டியின் வீட்டு மொட்டைமாடியில், சோலார் பேனலுக்குப் பக்கத்தில் ஓர் ஆன்டெனா நிற்கிறது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அவர், இரண்டு வருடம் மனுப் போட்டு வாங்கிய கருவியின் பாகம் அது. சூரியனில் வெடிப்பு நிகழும்போது சில விநாடிகளுக்கு ரேடியோ அலைகள் பீறிட்டு வரும். கணினித் திரையில் அது மேலிருந்து சரிந்து இறங்கும் கீற்றாகத் தெரியும். பல நாடுகளில் இப்படிப் பதிவுசெய்து ஒன்றுசேர்த்துப் பார்க்கிறார்கள். மதுரையிலிருந்தும் ஒரு பதிவு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஆனால் காலை பத்து மணியானால் திரையின் குறுக்கே பட்டை பட்டையாக இரைச்சல் ஏறிவிடும். மாலையில்தான் அடங்கும். கீற்று வந்தாலும் தெரியாது.

அடுத்த வீட்டில் தங்கப்பொண்ணு வாடகைக்கு இருந்தாள். முன்னறையில் நான்கு தையல் மெஷின்களைப் போட்டு, மூன்று பெண்களோடு நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். மெஷின் மோட்டாரில் தெறிக்கும் பொறி ரேடியோ அலையைக் கெடுக்கும். அங்கேயும் பத்து மணிக்குத்தான் வேலை தொடங்கும். அருள்பாண்டிக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

நேரில் போய்ச் சொன்னார். "பகல்ல கொஞ்சம் நிப்பாட்டி வச்சா நல்லாருக்கும்."

"எம்புட்டு நேரம்ணே?"

"வெயில் இருக்கிற வரைக்கும்."

"அப்ப நாங்க எப்பண்ணே தைக்கிறது?" என்று சிரித்தாள். ஆனாலும் ஒரு வாரம், தினமும் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மெஷின்களை நிறுத்தினாள். அந்த ஒரு மணி நேரத்திலும் பட்டைகள் அப்படியே நின்றன. நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு ஓட்டுகிறாள் என்று அவர் முடிவுகட்டினார்.

"மெஷின் சத்தமே கேக்கலையேங்க" என்றாள் மனைவி இசைவாணி.

"ஒனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார்.

அன்று மாலை கோயம்புத்தூரில் இருந்த, அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தார். வீட்டைக் கம்பெனி ஆக்கிவிட்டார்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒயரிங் தாங்காது, என்றைக்காவது தீப்பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரே மாதத்தில் தங்கப்பொண்ணு காலி செய்தாள். போன் செய்தது யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் மெஷின்களை ஏற்றிய பிறகு, இசைவாணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு செல்லூருக்குக் கிளம்பினாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டைகள் ஏறின.

மூன்று வாரம் கேபிள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஒருநாள், பராமரிப்புக்காகத் தெரு முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். பேட்டரியில் ஓடிய கணினியில் திரை சுத்தமாக இருந்தது. மதியம் கரண்டு வந்தது. தெருவில் மிக்ஸி, மோட்டார் எல்லாம் ஓடின. திரையில் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் பட்டைகள் எழுந்தன. மாடிப்படிச் சுவரில் அவருடைய சோலார் பேனலின் இன்வெர்ட்டர் பெட்டியில் அப்போதுதான் பச்சை விளக்கு எரிந்தது; தெருக் கரண்டு போனால் தானும் நின்று, வந்து ஐந்து நிமிடம் கழித்தே அது ஓடத் தொடங்கும். போய் அதை அணைத்தார். பட்டைகள் மறைந்தன. மறுபடி போட்டார். வந்தன. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிழக்கே நிற்கும் மரம் மறைப்பதால் பேனலில் வெயில் விழவே பத்து மணியாகும். வெயில் ஏறினால் வேலை செய்து, இறங்கினால் ஓயும் பெட்டி. வாங்கி மாட்டியவர் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லூரில் விசாரித்துத் தேடிப் போனார். ஒரு சந்தில், மாடியறையில் இரண்டு மெஷின்கள் மட்டும் இருந்தன. தங்கப்பொண்ணு தனியாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அவள் துணியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"தப்பு என்னுதுதாம்மா. வீட்டுக்காரர்ட்ட நானே பேசுறேன். திரும்பி வந்துருங்க."

"அங்க ஆள் வந்தாச்சாம் சார். கூட இருந்த பிள்ளைகளும் வேற கம்பெனிக்குப் போயிருச்சுக. இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி யாரு வருவா? மகனையும் இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்."

அவர் ஓடாமல் நின்ற இரண்டாவது மெஷினைப் பார்த்தார்.

"நாங்க மெஷினை நிப்பாட்டினம்ல சார், ஒரு வாரம்? அப்ப ஒருதடவ ஒங்க பெட்டியையும் அமத்திப் பாத்திருக்கலாம்ல." கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"வாரேம்மா" என்று படியிறங்கினார்.

அதன்பின் அந்த இன்வெர்ட்டரை அவர் போடுவதே இல்லை. ஆவணி மாதம் ஒரு காலையில், பதினொன்றே காலுக்கு, திரையில் முதல் கீற்று சரிந்து இறங்கியது. மதுரையின் பெயரோடு பதிவு போயிற்று, கல்லூரியில் கைகுலுக்கினார்கள். வீட்டில் இசைவாணியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

அவள் பார்த்தாள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, தைக்கக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு செல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.